கண்மாய்க்கரைத் துப்பறிவாளர்கள்: பிள்ளைகளுக்குக் கிராமத்துச் சாகசக் கதை எழுத ஒரு வழி

சிறுவர் சாகசக் கதை எழுத உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதல் அத்தியாயத்திலேயே ஒரு கடத்தல்காரனை ஊருக்குள் இறக்கிவிடுகிறார்கள். கறுப்புக் கண்ணாடி, ஜீப், பாழடைந்த பங்களா, சிலைத் திருட்டு, கடைசியில் போலீஸ் வந்து விலங்கு மாட்ட, பிள்ளைகளுக்கு மேடையில் பரிசு. இதில் கிராமம் எங்கே இருக்கிறது? பின்னணியில் ஒரு பனைமரம், ஒரு மாட்டு வண்டி, அவ்வளவுதான். அந்தக் கதையை அப்படியே தூக்கிக் கொடைக்கானலில் வைத்தாலும் நடக்கும், கோவாவில் வைத்தாலும் நடக்கும்.

நான் சொல்ல வருவது வேறு வழி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் வயலுக்கு முதலில் பாய்கிறது, யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள், காலை பஸ் எத்தனை மணிக்கு, இப்படி ஊர் எதனால் ஓடுகிறதோ அதிலிருந்தே சாகசத்தை எடுப்பது. 8 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்குச் சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன் (மழைநீரைத் தேக்கி வைக்கும் ஏரியைத்தான் அந்தப் பக்கம் கண்மாய் என்பார்கள்). உங்களுக்குத் தெரிந்தது காவிரிப் பாசன ஊரோ மலையடிவார ஊரோ என்றால் அதையே எடுங்கள், தெரியாத ஊரை மட்டும் எடுக்காதீர்கள்.

முதலில் ஊரை வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் ஊரை வரையுங்கள். கண்மாய், அதன் கரை, மடைகள், தண்ணீர் மிஞ்சினால் வழிந்தோடும் கலுங்கு, கரைக்குக் கீழே வயல்கள், ஐயனார் கோயிலும் அங்கே வரிசையாக நிற்கிற மண் குதிரைகளும், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, டீக்கடை, ஊர் கூடுகிற பொதுவெளியான மந்தை, சுடுகாடு. எந்தத் தெரு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதையும் வரையுங்கள், இது பின்னால் ரொம்பத் தேவைப்படும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை நடந்துபோக எவ்வளவு நேரமாகும் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கரையில் நின்று கத்தினால் எந்த வீடு வரை கேட்கும், செல்போன் சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும், ராத்திரி விளக்கு எந்தக் கம்பத்தோடு நின்றுவிடுகிறது, இவ்வளவும் தெரிந்துவிட்டால் பாதிக் கதை தானாக வந்துவிடும். பிள்ளைகள் எங்கே மாட்டிக்கொள்வார்கள், எந்த வழியாக ஓடித் தப்பிப்பார்கள் என்பதைப் படமே சொல்லிவிடும்.

அடுத்தது காலம். ‘ஒரு நாள்’ என்று ஆரம்பிக்கிற கதையில் மாதம் தெரியாது, மாதம் தெரியாவிட்டால் ஊரும் தெரியாது. அந்தப் பக்கத்துக் கண்மாய்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. நல்ல மழை என்றால் அரையாண்டு விடுமுறைக்குள் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாயும். தை, மாசியில் அறுவடை. சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை, கண்மாயில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும். ஆக, டிசம்பரில் எழுதினால் அது தண்ணீர்க் கதை, மே மாதத்தில் எழுதினால் சேற்றுக் கதை. ஒரே ஊர்தான், ஆனால் பிள்ளைகள் கால் வைக்கக்கூடிய இடமே மாறிப்போகிறது.

ஊரின் வழக்கத்துக்குள் ஒரு முடிச்சு இருக்கும், அதைத் தேடுங்கள். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. இது செய்தித்தாளில் ஆண்டுதோறும் வருகிற நல்ல செய்தி. கதை எழுதுகிறவர் இதை இன்னொரு கோணத்தில் பார்க்க வேண்டும். இப்படி ஒரு ஊரில், எப்படியாவது ஒரே ஒரு அணுகுண்டு வெடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஏங்குகிற ஒரு பையன் இருந்தால்? அவனுடைய உயிர்த் தோழிக்கு அந்த நாரைக் கூடுகள்தான் உலகமே என்றால்? வில்லன் யாரும் வேண்டாம், கதை கிளம்பிவிட்டது.

குற்றவாளி யாரோ ஒருவரின் அப்பா

இனி ஒரு கதையை முழுதாகக் கட்டிப் பார்ப்போம். மே மாதம். கண்மாயில் முழங்கால் தண்ணீர். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தில் இந்தச் சமயத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டையோ கொடியையோ வீச, சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து வந்து கரையில் காத்திருக்கும் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் கண்மாய்க்குள் இறங்கும். ஊத்தா என்கிற மீன்பிடிக் கூடை, கச்சா, வலை, சேலை, வெறுங்கை, யாருக்கு எது கிடைக்கிறதோ அது. விரால், கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்று பிடிபடுவதைப் பெரும்பாலும் விற்க மாட்டார்கள், அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்புதான். அந்த நாள் வரை கண்மாய் மீனில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

நம் கதையில் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது யாரோ ராத்திரியில் வலை போடுகிறார்கள். அதை முதலில் கவனிப்பது மூன்று பிள்ளைகள்: கார்த்திகா, பாண்டி, அபு. துப்புகள் எல்லாம் பிள்ளைகள் கண்ணில் படக்கூடியவையாக இருக்கட்டும். கரையில் உதிர்ந்து கிடக்கும் தெர்மாகோல் துணுக்கு, சைக்கிள் கேரியரில் காய்ந்து ஒட்டிய செதில், விடியற்காலை முதல் பஸ்ஸில் அடித்த மீன் வாடை, வழக்கத்துக்கு விரோதமாகக் கரையின் ஒரே இடத்தில் கூடி நிற்கும் கொக்குகள். கைரேகை, பூதக்கண்ணாடி எல்லாம் வேண்டாம். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை தடம் பார்த்தே யாருடைய ஆடு என்று சொல்லிவிடும், அந்தத் திறமையை வைத்தே துப்பு துலக்கலாம்.

சரி, யார் திருடுகிறார்கள்? வெளியூர்க்காரன் என்று எழுத ஆசையாக இருக்கும், ஏனென்றால் அது சுலபம். பிள்ளைகள் அவனைப் பிடித்துக் கொடுப்பார்கள், ஊர் கைதட்டும், கதை முடியும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கிராமத்தில் எல்லோரும் யாரோ ஒருவருக்கு அப்பா, சித்தப்பா, மாமா. ராத்திரியில் வலை போடுகிறவர் பாண்டியின் அப்பா என்று வையுங்கள். மகளிர் குழுக் கடனுக்கு இந்த வாரத் தவணை கட்ட வேண்டும், மூன்று வாரமாக வேலை இல்லை, பாண்டியின் அம்மா குழுக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்கிறார். இப்போது கார்த்திகாவும் அபுவும் கண்டுபிடித்தது வெறும் திருடனை இல்லை, நண்பனின் வீட்டு ரகசியத்தை. பாண்டிக்கு முன்பே தெரியுமா, தெரிந்துதான் அவர்களை வேறு பக்கம் திசைதிருப்பினானா? சாகசமும் நட்பும் ஒரே முடிச்சாக விழுகிற இடம் இதுதான், நீங்கள் எந்த ஊரை எழுதினாலும் இப்படி ஓர் இடம் கிடைக்கும் வரை எழுத ஆரம்பிக்காதீர்கள் என்பேன்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. பாண்டியின் அப்பாவை நல்லவர் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம், கெட்டவர் என்று தண்டிக்கவும் வேண்டாம். ஊர்க்கூட்டம் நடக்கட்டும், அபராதம் போடட்டும், சிலர் ஏசட்டும், ஒரு பாட்டி மட்டும் ‘போன வருசம் பக்கத்தூர்க்காரன் அள்ளிட்டுப் போனப்ப எங்கடா போனீங்க’ என்று கேட்கட்டும். திருவிழா அன்று பாண்டி கண்மாய்க்கு வருவானா என்பதுதான் கடைசி அத்தியாயத்தின் கேள்வி. யார் போய் அவனைக் கூப்பிடுகிறார்கள், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை எழுத உங்களுக்கு ஒரு வாரம் பிடித்தாலும் பரவாயில்லை.

மூன்று பேர் போதும்

ஐந்து பேர், ஒரு நாய் என்று கூட்டம் சேர்க்காதீர்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் கதை முழுக்க ‘ஆமாம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மூன்று பேர் என்றால் எப்போதும் இரண்டுக்கு ஒன்று என்று பிரிய வாய்ப்பு இருக்கிறது, அதுவே உங்களுக்குப் பெரிய வசதி. ‘புத்திசாலி, பலசாலி, பயந்தாங்கொள்ளி’ என்று பிரிக்கிற பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம். அதற்குப் பதில், ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் என்ன வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள். கார்த்திகா தினமும் சாயங்காலம் தண்ணீர் பிடிக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வருகிற நேரம் தவறினால் வீட்டில் வசவு விழும். அபு தன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எங்கேயும் வர முடியும். இடுப்பில் தம்பியோடு ஒளிந்திருந்து வேவு பார்ப்பது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள், சிரிப்பும் பதற்றமும் ஒரே காட்சியில் கிடைக்கும்.

பெண் பிள்ளைக்கு ராத்திரி வெளியே வர அனுமதி கிடைக்காது என்பது நிஜம். அதை மறைத்து எல்லோரையும் சமமாக ஓடவிட்டால் படிக்கிற பெண் பிள்ளைக்கே அது பொய் என்று தெரியும். கார்த்திகா எப்படி வெளியே வந்தாள் என்பதையே ஒரு சின்னச் சாகசமாக்குங்கள், அல்லது அவள் மாடியில் இருந்தபடியே மற்ற இருவருக்கும் தெரியாத ஒன்றைப் பார்க்கட்டும்.

நட்பில் விரிசல் விழக் காரணம் வேண்டுமென்றால் வெளியே தேட வேண்டாம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஒருத்தி தனியார் பள்ளி வேனில் போகிறாள், மற்றவர்கள் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்கு நடந்து போகிறார்கள். ஷூவும் டையும் போட்ட முதல் நாளே ஏதோ ஒன்று மாறிவிடும். இதைவிடப் பெரிய சண்டைக் காட்சி உங்களுக்குத் தேவையே இல்லை.

தெருவைப் பற்றி முன்னால் சொன்னேனே, அதற்கு வருகிறேன். சாதியைப் பற்றி எழுதாமலேயே கிராமத்து நட்பை எழுதிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதலாம், ஆனால் அந்த ஊர் கேலண்டரில் இருக்கிற ஊராகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு இது தெரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், யார் வீட்டில் தண்ணீர் எந்தச் செம்பில் வரும், எந்தத் தெருவுக்குப் போனால் வீட்டில் கேள்வி வரும் என்பதெல்லாம் ஏழு வயதிலேயே அவர்களுக்கு அத்துப்படி. விளக்கவுரை எழுதாதீர்கள். அபுவும் கார்த்திகாவும் பாண்டி வீட்டு வாசல்வரை வந்து, ஒருத்தர் உள்ளே போக, இன்னொருத்தர் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிடுவதைக் காட்டினால் போதும். ஏன் நின்றார் என்று படிக்கிற பிள்ளை பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்கும், பதில் சொல்ல வேண்டியது அந்தப் பெரியவர் பாடு. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒடுக்கப்பட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளையை எப்போதும் அழுகிறவனாகவும் மற்றவர்களால் காப்பாற்றப்படுகிறவனாகவும் வைக்காதீர்கள். சிரிக்கவைக்கிறவனும், திட்டம் போடுகிறவனும், சில சமயம் பொய் சொல்கிறவனும் அவனாக இருக்கட்டும்.

பெரியவர்களை என்ன செய்வது

சாகசக் கதையின் பழைய தொல்லை இது. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. கிராமத்தில் இதற்கு ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை. பகலில் அம்மா நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போயிருப்பார், அப்பா திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார், வீட்டில் அப்பத்தா மட்டும் இருப்பார், அப்பத்தாவும் மத்தியானம் தூங்கிவிடுவார். செல்போனை எப்படி ஒழிப்பது என்று கேட்பார்கள். ஒழிக்கவே வேண்டாம். வீட்டுக்கு ஒரு போன், அது அண்ணன் கையில். ரீசார்ஜ் முடிந்திருக்கும், சார்ஜ் ஆறு சதவீதம் இருக்கும், சிக்னலுக்கு மேட்டில் ஏற வேண்டும், ஏறினால் திருடன் பார்த்துவிடுவான். போனை இடைஞ்சலாக மாற்றினால் அதுவே பதற்றத்தைக் கூட்டும்.

சைக்கிளும் அப்படித்தான். அரசு தருகிற இலவச சைக்கிள் 11-ஆம் வகுப்பில்தான் கிடைக்கும், ஆகவே ஆறாம் வகுப்புப் பிள்ளை ஓட்டுவது அக்காவின் சைக்கிளாகத்தான் இருக்கும். அதை எடுப்பதற்கு அக்காவிடம் என்ன லஞ்சம் கொடுத்தார்கள்? இந்த மாதிரி சின்ன விஷயங்களில்தான் ஊர் உயிரோடு தெரியும். பல்லாங்குழி, கிட்டிப்புள், பம்பரம் என்று விளையாட்டுகளின் பட்டியல் போட்டால் தெரியாது. இன்றைக்கு வற்றிய கண்மாயில் நடப்பது பெரும்பாலும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்தான், அதை எழுத வெட்கப்பட வேண்டாம்.

ஆபத்து நிஜமாக இருக்கட்டும்

பிள்ளைகள் படித்ததைச் செய்து பார்ப்பார்கள். அதனால் நம் கதையில் வருகிற வீரம், காப்பியடித்தால் உயிர் போகிற வீரமாக இருக்கக் கூடாது. கண்மாயில் வண்டல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது, முழங்கால் ஆழம் என்று நடந்துபோகிறவன் திடீரென்று முங்கிவிடுவான். கோடை விடுமுறையில் வருகிற சாவுச் செய்திகள் பலவற்றில் ஒருவரைக் காப்பாற்றக் குதித்த இன்னொருவரும் இருப்பார். ஆகவே நம் நாயகன் குதிக்கக் கூடாது. கயிறு, வேட்டி, மூங்கில், காலி பிளாஸ்டிக் கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை எறியட்டும், கரையிலிருந்து கத்தி ஆள் கூட்டட்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூழ்கிய இளைஞர்களில் இருவரை மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசிக் காப்பாற்றினார்கள், மாநில அரசு அவர்களுக்கு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. எந்தக் கற்பனைக் குதித்தலை விடவும் இது பெரிய காட்சி.

பாம்பும் அப்படித்தான். பாம்பு துரத்தாது, பழி வாங்காது. கண்ணாடி விரியன் கிடக்கிற இடத்தில் அது போடும் சீற்றம் ஒன்றே போதும் ஒரு பக்கம் எழுத. யாரையாவது கடிக்கத்தான் வேண்டும் என்றால், வாயை வைத்து விஷத்தை உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற பயணமே ஓர் அத்தியாயம் ஆகும், அதிலும் கடைசி பஸ் போய்விட்டிருந்தால்.

புதையல் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று. கீழடி இருப்பதும் இதே சிவகங்கை மாவட்டத்தில்தான். அங்கே 2015-இல் அகழாய்வு தொடங்கியது ஒரு தென்னந்தோப்பில். அந்தப் பகுதிப் பிள்ளைகளின் காலில் பானை ஓடு இடறுவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் தங்கக் காசு கிடைத்து ஏழைப் பையன் பணக்காரனானான் என்று எழுதிவிடாதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்கடியில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பானைக்குள் பதினோரு காசு இருந்தது, சொல்வதா வேண்டாமா என்று மூன்று பேரும் ஓர் இரவு முழுக்க முட்டிக்கொள்வதுதான் கதை.

பேச்சும் நடையும்

விவரிப்பை எளிய எழுத்துத் தமிழில் வையுங்கள், பேச்சை மட்டும் ஊர்ப் பேச்சில் விடுங்கள். முழுக்க வட்டார வழக்கில் எழுதினால் வேறு மாவட்டத்துப் பிள்ளை இரண்டாம் பக்கத்தில் மூடிவிடும். பேச்சிலும் எல்லாச் சொல்லையும் உடைக்க வேண்டாம். அங்கிட்டு, இங்கிட்டு, வெஞ்சனம், அப்பத்தா என்று நான்கைந்து சொற்கள் சரியான இடத்தில் விழுந்தால் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். பேச்சு குட்டையாக இருக்கட்டும். பிள்ளைகள் நீளமாகப் பேச மாட்டார்கள், அதிலும் மறைக்க ஏதாவது இருக்கும்போது பேசவே மாட்டார்கள்:

“இது யாரு சைக்கிள் தடம்னு தெரியுதா?”

“தெரியல.”

“தெரியலையா, சொல்ல மாட்டியா?”

பாண்டி குனிந்து ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். “கார்த்திகா, தண்ணி வர்ற நேரமாச்சு. நீ போ.”

அவனுக்குத் தெரியும் என்பதை நாம் எங்கேயும் சொல்லவில்லை. ‘பாண்டியின் மனம் குற்ற உணர்வில் தவித்தது’ என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் போச்சு.

அளவு என்று கேட்டால், பத்துப் பன்னிரண்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்குள். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கேள்வியோடு நிற்கட்டும், அதற்காக ஒவ்வொரு தடவையும் யாரையாவது கிணற்று விளிம்பில் தொங்கவிட வேண்டியதில்லை. ‘முதல் பஸ்ஸிலிருந்து இறங்கியது பாண்டியின் அம்மா’ என்பதும் கேள்விதான்.

எழுதி முடித்ததும் பெரியவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்காதீர்கள், ‘நல்லா இருக்கு, நம்ம சின்ன வயசு ஞாபகம் வந்துச்சு’ என்பார்கள், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு அரசுப் பள்ளி ஆசிரியரையோ ஊர் நூலகரையோ கேட்டு, நான்கைந்து பிள்ளைகளை உட்காரவைத்து நீங்களே சத்தமாக வாசியுங்கள். கண் ஜன்னலுக்குப் போகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், அந்தப் பத்தி அனேகமாக உங்களுக்கு ரொம்பப் பிடித்த வர்ணனையாகத்தான் இருக்கும், வெட்டிவிடுங்கள். அவர்கள் குறுக்கே பேசுகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எங்க ஊர்ல ஊத்தாவ அப்படிப் பிடிக்க மாட்டாங்க’ என்று ஒரு பிள்ளை சொன்னால் சண்டை போடாமல் எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் அன்றைக்கு வாசிக்காமல், பாண்டி திருவிழாவுக்கு வருவானா என்று அவர்களையே கேளுங்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் பாண்டியின் கஷ்டம் இன்னும் சரியாக எழுதப்படவில்லை, குழுக் கடன் வருகிற அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள்.